கொல்லைப்புற ஆப்பிளில் ஒரு கேலன் ஒயின்

இந்த வீட்டை நாங்கள் வாங்கியது ஒரு பிப்ரவரியில். கொல்லையில் ஒரு மரம் இலையே இல்லாமல் நின்றது. அது என்ன மரம் என்று நானும் கேட்கவில்லை, விற்றவர்களும் சொல்லவில்லை. செப்டம்பர் கடைசியில் மரமே சொல்லிவிட்டது. ராத்திரி முழுக்கத் தொப் தொப்பென்று சத்தம். காலையில் கதவைத் திறந்தால் புல் மேல் பச்சைப் பச்சையாக ஆப்பிள், ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்காத அளவு. ஒன்றைக் கழுவிக் கடித்தேன். மாங்காயெல்லாம் தோற்றுப்போகும் புளிப்பு. உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு நாலு துண்டு தின்றேன். மீதி மூன்று வாளியை என்ன செய்வது?

பக்கத்து வீட்டுத் தாத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். அது பிராம்லி, சமைக்கிற ஆப்பிள், யாரும் அதை அப்படியே தின்ன மாட்டார்கள் என்றார். நாங்கள் இருப்பது நாட்டிங்காம்ஷயர். பிராம்லி பிறந்த சவுத்வெல் ஊர் எங்களுக்குப் பக்கம்தான். 1809-ல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி அங்கே விதை போட்டு முளைத்த மரம் அது. 1846-ல் அந்த வீட்டை வாங்கியவர் மாத்யூ பிராம்லி, கசாப்புக் கடைக்காரர். பத்து வருடம் கழித்து ஹென்றி மெர்ரிவெதர் என்ற 17 வயதுப் பையன் வந்து ஒட்டுக் குச்சி கேட்க, என் பெயரை வைத்தால் எடுத்துக்கொள் என்றாராம். விதை போட்ட பெண்ணின் பெயர் அப்படியே போயிற்று. உலகத்தில் எங்கே பிராம்லி நின்றாலும் அந்த ஒரே மரத்தின் ஒட்டுதான், என் கொல்லையில் நிற்பதும்.

மறுநாள் தாத்தா ஒரு தடித்த கண்ணாடி ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்து குறுகல், காது போல ஒரு சின்னப் பிடி. இதற்கு டெமிஜான் என்று பெயர், ஒரு கேலன் பிடிக்கும், அதாவது நாலரை லிட்டர். "ஒயின் போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒயின் போடுவது எனக்கு அந்நியமில்லை. எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்னால் அம்மா ஊறுகாய்ப் பரணியைக் கழுவி வெயிலில் காய வைப்பாள். பன்னீர் திராட்சை, சீனி, ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் ஈஸ்ட். தினமும் மரக்கரண்டியால் ஒரு கிண்டு, 21 நாள், துணியில் வடிகட்டு, முடிந்தது. அதே கணக்கை ஆப்பிளுக்கும் போட்டேன். மசியட்டும் என்று முதலில் வேக வேறு வைத்தேன். வந்தது கஞ்சித்தண்ணி மாதிரி ஒரு சாமான். மூன்று மாதம் வைத்தும் தெளியவே இல்லை.

ஏன் என்று பிறகு புரிந்தது. திராட்சை தனக்கு வேண்டிய சீனியையும் ஈஸ்டுக்கு வேண்டிய சத்தையும் தானே கொண்டுவரும். ஆப்பிளில் சீனி குறைவு, பத்துக்கு ஒரு பங்கும் கொஞ்சமும்தான். ஈஸ்டுக்குத் தீனியும் குறைவு. பெக்டின் மட்டும் நிறைய. ஜாமை உறைய வைப்பது இந்தப் பெக்டின்தான். ஆப்பிளை வேகவைத்தால் அது மொத்தமும் சாற்றில் இறங்கிவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் தெளியாது. அதனால் முதல் விதி, அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள்.

செய்முறைக்குப் போகும் முன் ஒரு விஷயம். இங்கிலாந்தில் வீட்டுக்கு மட்டும் ஒயின் போட்டுக் குடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். விற்றால்தான் வரியும் உரிமமும். காய்ச்சி வடிப்பது வேறு கதை, அதை வீட்டில் தொடவே கூடாது. தமிழ்நாட்டில் 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்த மதுவும் தயாரிப்பது குற்றம். ஆகவே ஊரில் இருந்து படிக்கிறவர்கள் படிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேறு நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைடருக்கும் ஆப்பிள் ஒயினுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். ஆப்பிள் சாறு தன் சொந்தச் சீனியில் மட்டும் புளித்தால் ஐந்தாறு சதவீதம் ஆல்கஹால் வரும், அது சைடர். அதிலேயே சீனி சேர்த்துப் பதினொன்று சதவீதம் அளவுக்குக் கொண்டுபோனால் ஒயின். ஒயினாக்குவதில் ஒரு லாபம் உண்டு, ஆல்கஹால் கூடினால் வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

ஒரு கேலனுக்கு நான் எடுப்பது நாலு கிலோ ஆப்பிள். அதில் பிராம்லி ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போக மாட்டேன், மீதி தின்கிற ஆப்பிள்: காக்ஸ், காலா, எது மலிவோ அது. முழுக்கப் பிராம்லி போட்டால் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் குடிக்க வேண்டும். முழுக்கத் தின்கிற ஆப்பிள் போட்டால் சப்பென்று இருக்கும். இரண்டும் கலந்தால்தான் நாக்கில் நிற்கும்.

விழுந்த பழத்தைப் பயன்படுத்தலாமா? அடிபட்டது பரவாயில்லை, அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடலாம். பூஞ்சை பிடித்ததும் பழுப்பாக அழுகியதும் கண்டிப்பாக வேண்டாம். அழுகிய ஆப்பிளில் பட்டுலின் என்ற நச்சு இருக்கும், கத்தியால் கொஞ்சம் செதுக்கினால் போகாது. முழுப் பழத்தையும் உரக்குழிக்குப் போடுங்கள்.

இனி ஆப்பிளிலிருந்து சாற்றை எடுப்பது எப்படி? பிழியும் இயந்திரம் என்னிடம் இல்லை. மிக்ஸியில் அடிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். விதை அரைபட்டால் கசப்பு இறங்கும், அதிலிருந்து சயனைடு வருகிற சமாச்சாரமும் உண்டு. கூழ் மாவு மாதிரி ஆகிவிட்டால் பிறகு வடிகட்டவும் முடியாது. இதற்கு ஒரு சோம்பேறி வழி இருக்கிறது. பழத்தைக் கழுவி, தோல் சீவாமல், நடுத்தண்டையும் விதையையும் எடுத்துவிட்டு, துண்டு போட்டு ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்துவிடுங்கள். பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் உறையும்போது விரிந்து உள்ளே இருக்கும் சின்னச் சின்ன அறைகளை எல்லாம் கிழித்துவிடும். வெளியே எடுத்து இளக விட்டால் ஆப்பிள் ஊறின பஞ்சு மாதிரி தொளதொளவென்று ஆகிவிடும், கையால் அமுக்கினாலே சாறு ஓடும். அந்த இரண்டு நாளும் என் ஃப்ரீசரில் இருந்த நெத்திலியும் கறிவேப்பிலைப் பொட்டலமும் தாத்தா வீட்டு ஃப்ரீசருக்குக் குடிபோகும். நெத்திலி வாசனையைப் பற்றி அவர் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. நல்ல மனுஷன்.

சாமான்கள் அதிகமில்லை. பத்துப் பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும் உணவுக்கான பிளாஸ்டிக் வாளி, மூடியோடு. ஒரு பெரிய மல்துணிப் பை, அல்லது பழைய வேட்டித் துண்டைத் தைத்த பை. டெமிஜான், அதன் வாய்க்குத் துளை போட்ட கார்க், அதில் செருகும் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் சின்னப் பூட்டு), இரண்டு மீட்டர் குழாய், சாற்றில் சீனி எவ்வளவு என்று காட்டும் ஹைட்ரோமீட்டர். கடைசியாகச் சொன்னதைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள், நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் முதலில் சோப்பு வாசனை போகக் கழுவி, பிறகு ஒயின் சாமான் கடையில் கிடைக்கும் கிருமிநீக்கிக் கரைசலில் நனைத்து எடுங்கள். நான் நர்ஸ் வேலை பார்க்கிறவள், இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் கெட்டுப்போன ஒயின்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் கெடுகின்றன என்று எனக்குச் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பித்தால் வசதி. இளகிய ஆப்பிளைத் துணிப் பைக்குள் போட்டு வாளியில் இறக்குங்கள். கீரை கடையும் மத்து இருந்தால் அதால் நாலு இடி இடியுங்கள். கொதித்து ஆறின தண்ணீர் இரண்டு லிட்டரில் அரை லிட்டரைச் சீனி கரைக்க ஒதுக்கிவிட்டு மீதியை ஊற்றுங்கள். ஒரு காம்ப்டன் மாத்திரையை ஸ்பூன் முதுகால் பொடித்துச் சேருங்கள், மூடி வையுங்கள்.

காம்ப்டன் மாத்திரை என்னவென்று அம்மாவுக்கு விளக்கினபோது, "கலயத்துல சுண்ணாம்பு தடவுற மாதிரியா மக்களே?" என்றாள். கிட்டத்தட்ட அதேதான். எங்கள் ஊரில் பனையேறுகிறவர்கள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாமல் கட்டினால் கள். சுண்ணாம்பு காற்றில் இருக்கும் ஈஸ்ட்டை வேலை செய்ய விடாது. காம்ப்டன் மாத்திரையில் இருக்கும் மெட்டாபைசல்ஃபைட்டும் ஆப்பிள் தோலில் ஒட்டிவந்த காட்டு ஈஸ்ட்டையும் வினிகர்க் கிருமியையும் அடக்கிவிடும். சுண்ணாம்பு கலயத்திலேயே கிடக்கும், இது ஒரு நாளில் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். அதற்குப் பிறகு நாம் தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டுக்கு மைதானம் காலி. ஒரு எச்சரிக்கை, ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மாத்திரையைப் பொடிக்கும்போது மூக்கைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், குடிக்க வருகிறவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை, பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெக்டினை உடைக்கும் என்சைம் ஒரு டீஸ்பூன். பெக்டோலேஸ் என்று சின்ன டப்பாவில் கிடைக்கும். என் முதல் வருடக் கஞ்சித்தண்ணிக்கு மருந்து இதுதான். மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் பலன் குறையும் என்பதால்தான் இந்த இடைவெளி.

சனிக்கிழமை ராத்திரி சீனி. மொத்தம் 800 கிராம் தேவைப்படும், ஆனால் எடுத்தவுடன் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள், ஆப்பிளுக்கு ஆப்பிள் இனிப்பு மாறும். முதலில் 500 கிராமை அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு ஊற்றிக் கலக்குங்கள். முதலில் ஒதுக்கி வைத்த அரை லிட்டர்தான் இது, கூடுதல் தண்ணீர் சுவையைக் குறைக்கும். பிறகு கொஞ்சம் சாற்றை வடிகட்டி உயரமான குழலில் ஊற்றி ஹைட்ரோமீட்டரை மிதக்க விடுங்கள்.

ஹைட்ரோமீட்டர் என்பது காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைத் தலைகீழாக நிறுத்தி அடியில் குண்டு கட்டிய மாதிரி ஒரு கண்ணாடிக் குச்சி. வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். சீனி கூடக் கூட மேலே மிதக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒவ்வொரு பார்வைக்கும் ஒவ்வொரு எண் வந்தது. குச்சியைச் சுற்றிக் குமிழிகள் ஒட்டி அதைத் தூக்கிக்கொண்டிருந்தன. விரலால் சுண்டி ஒரு சுழற்று சுழற்றினால் குமிழி உதிரும். பிறகு குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். விளிம்பில் சாறு குச்சியோடு கொஞ்சம் ஏறி நிற்கும், அதை விட்டுவிட்டு மட்டமான இடத்தைப் பாருங்கள். சாறு 20 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது எண் சரியாக இருக்கும்.

நமக்கு வேண்டியது 1.080-லிருந்து 1.085 வரை. குறைந்தால், லிட்டருக்கு 13 கிராம் சீனி சேர்த்தால் 5 புள்ளி, அதாவது 0.005, ஏறும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். கடைசியில் இந்த எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம். 1.083-ல் தொடங்கி 0.996-ல் முடிந்தால் பதினொன்றரைக்குக் கொஞ்சம் கீழே.

அதே நேரம் ஈஸ்டுக்கான சத்துத்தூள் ஒரு டீஸ்பூன், அப்புறம் ஒரு டம்ளர் கெட்டி டீ டிக்காஷன், பால் சீனி இல்லாமல், ஆறினது. டீயா என்று யோசிக்காதீர்கள். திராட்சைத் தோலில் துவர்ப்பு இருக்கும், தின்கிற ஆப்பிளில் அது போதாது. துவர்ப்பு இல்லாத ஒயின் ஜூஸ் மாதிரிதான் இருக்கும். இங்கே கிராமத்து ஒயின் போடுகிறவர்கள் காலகாலமாகச் செய்கிற வேலை இது. எங்கள் வீட்டில் நீலகிரித் தூள்தான் இருக்கும், அதையே போடுகிறேன்.

ரொட்டிக்கான ஈஸ்ட் வேண்டாம். புளிக்க வைக்கும், ஆனால் அடியில் கெட்டியாகப் படியாது, கொஞ்சம் அசைத்தாலும் எழுந்து கலங்கும், ரொட்டி வாசனையும் தங்கும். நான் பயன்படுத்துவது லால்வின் 71பி. ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான மாலிக் அமிலத்தில் ஒரு பங்கை இது தின்றுவிடும், பிராம்லிக்காரர்களுக்கு அது பெரிய உதவி. 5 கிராம் பொட்டலத்தில் பாதியே ஒரு கேலனுக்குத் தாராளம். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில், 35 முதல் 40 டிகிரிக்குள், தூவி ஒரு கால் மணி நேரம் விட்டால் மேலே நுரை கட்டும். அதை வாளியில் ஊற்றுங்கள்.

இனி ஐந்தாறு நாள் வாளி திறந்த உலகம். மூடியை இறுக்காமல் சும்மா மேலே வைத்து, பழ ஈ நுழையாமல் துணி போட்டுக் கட்டுங்கள். ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் வேண்டும், அதனால் இந்த வாரம் காற்று நமக்குச் சொந்தக்காரன். துணிப் பை வாயுவால் உப்பி மேலே மிதந்து வரும். மிதக்கிற ஆப்பிள் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும். காலையில் டியூட்டிக்குப் போகும் முன் ஒரு அமுக்கு, ராத்திரி வந்ததும் ஒரு அமுக்கு. மூடியைத் திறக்கும்போது குனிந்து மோந்து பார்க்காதீர்கள், கரியமில வாயு மூக்கில் அறைந்த மாதிரி இருக்கும். வீட்டு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் போதும். சூடு கூடினால் வேகமாக முடியும், வாசனை ஆவியோடு போய்விடும்.

ஆறாம் நாள் வாக்கில் எண் 1.020 பக்கம் இறங்கியிருக்கும். பையைத் தூக்கி வாளிக்கு மேலே அரை மணி நேரம் சொட்ட விடுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், கூழ் வந்துவிடும். லேசாக அமுக்கலாம். சாற்றைப் புனல் வைத்து டெமிஜானுக்கு மாற்றி ஏர்லாக்கைச் செருகுங்கள். ஏர்லாக்கில் பாதி வரை தண்ணீர் இருக்க வேண்டும். உள்ளேயிருந்து வாயு வெளியே போகலாம், வெளிக்காற்று உள்ளே வர முடியாது. முதல் இரண்டு மூன்று நாள் நுரை பொங்கும் என்பதால் கழுத்துக்குக் கீழே நாலு விரல் காலி விடுங்கள். நுரை அடங்கினதும் கழுத்து வரை நிரப்பிவிட வேண்டும். சாறு பத்தாவிட்டால் கடை ஆப்பிள் ஜூஸ் ஊற்றலாம்.

இந்த நாளிலிருந்து காற்று விரோதி. அதே காற்றுதான், ஆனால் இப்போது உள்ளே போனால் ஆல்கஹாலை வினிகர் ஆக்கும் கிருமிக்குச் சோறு போட்ட மாதிரி. ஒரு வருடம் முக்கால் ஜாடியோடு சோம்பிவிட்டேன். டிசம்பரில் திறந்தால் சுத்தமான வினிகர். கொட்டவில்லை, இஞ்சி பச்சைமிளகாய் ஊறப்போட்டேன். அதுவும் நன்றாகவே இருந்தது, ஆனால் நான் போட்டது அதற்கில்லை.

ஏர்லாக் சத்தம் பழகக் கொஞ்ச நாள் ஆகும். ப்ளுக்... ப்ளுக்... படிக்கட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். ராத்திரி வீடு அடங்கினால் அதுதான் கேட்கும். வீட்டுக்காரர் முதல் வாரம் குழாய் ஒழுகுகிறது என்று சமையலறைக்கு இரண்டு தடவை இறங்கிப் போனார்.

மூன்று நாலு வாரத்தில் அடியில் விரல் தடிமனுக்கு வண்டல் படியும். செத்த ஈஸ்ட்டும் ஆப்பிள் துகளும் அது. அதன் மேலேயே ரொம்ப நாள் விட்டால் அழுகல் சுவை ஏறும். ஜாடியை மேஜை மேலும் இன்னொரு ஜாடியைத் தரையிலும் வைத்து, குழாயால் தெளிவை மட்டும் இறுத்து எடுங்கள். குழாயின் மேல் நுனி வண்டலைத் தொடாமலும், கீழ் நுனி புது ஜாடியின் அடியைத் தொட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். உயரத்திலிருந்து அருவி மாதிரி விழுந்தால் வழியெல்லாம் காற்றை அள்ளிக்கொண்டு போகும். இறுத்ததும் அரை காம்ப்டன் மாத்திரையைப் பொடித்துப் போட்டு, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். பிப்ரவரியில் இன்னொரு தடவை இதே வேலை. நடுவில் எதுவும் செய்ய வேண்டாம். திறந்து பார்க்கவும் வேண்டாம்.

இப்போது ஹைட்ரோமீட்டர் இல்லாமல் இருந்த கதை. இரண்டாம் வருடம். இடமில்லாததால் ஜாடியைக் கராஜில் வைத்திருந்தேன். ஜனவரியில் குமிழி நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்து, தெளிவாக வேறு இருந்ததா, காலி ஒயின் பாட்டில்களில் ஊற்றித் திருகு மூடி போட்டுப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கினேன். மே மாதம் ஒரு நாள் நைட் டியூட்டி முடித்து வந்து படுத்திருக்கிறேன், பகல் பதினொரு மணி இருக்கும். டமாரென்று ஒரு சத்தம். யாரோ ஜன்னலை உடைத்துவிட்டார்கள் என்று ஓடி வந்தால், படிக்கட்டுக் கதவின் அடியிலிருந்து ஒயின் வழிந்து ஹாலுக்கு வந்துகொண்டிருந்தது. கதவைத் திறக்கப் போன கையைப் பின்னால் இழுத்தேன், ஏனென்றால் அந்த நொடியில் இரண்டாவது பாட்டிலும் வெடித்தது. வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தடித்த போர்வையைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு, மீதி பாட்டில்கள் மேல் அதைப் போட்டு, சாயங்காலம் வரை காத்திருந்து ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்தினேன். கண்ணாடித் துண்டு ஒன்று மரக்கதவில் அரை அங்குலம் செருகியிருந்தது. அதை இன்னும் எடுக்கவில்லை.

நடந்தது இதுதான். கராஜ் குளிரில் ஈஸ்ட் தூங்கிவிட்டது, சீனி தீரவில்லை. வீட்டுக்குள் வந்து வெயில் காலம் தொட்டதும் எழுந்து மிச்சச் சீனியைத் தின்ன ஆரம்பித்தது. ஷாம்பெயினில் லிட்டருக்கு 24 கிராம் சீனி சேர்த்து ஆறு வளிமண்டல அழுத்தம் உண்டாக்குவார்கள், அதற்கென்றே தடித்த பாட்டில் செய்வார்கள். என் பாட்டிலில் மிச்சமிருந்தது அதைவிடக் கூட இருந்திருக்கும், பாட்டிலோ சாதாரண பாட்டில். குமிழி நின்றதைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. எண் 1.000-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை பார்த்தாலும் அதே எண் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பாட்டில்.

இன்னொரு பயம் எல்லாருக்கும் வரும், அம்மாவுக்கும் வந்தது. "விஷமாயிராதா மக்களே, கள்ளச்சாராயம் குடிச்சுச் சாகுறாங்களே?" பழ ஒயினில் பெக்டின் உடையும்போது மெத்தனால் மிகச் சின்ன அளவில் உண்டாவது நிஜம், கடை ஒயினிலும் அது உண்டு. ஆளைக் கொல்லும் அளவுக்கு அது வராது. கள்ளச்சாராயத்தில் சாவது தொழிற்சாலை மெத்தனாலைக் கலப்பதால். எங்கள் ஜாடியில் நாம் போட்டதைத் தவிர வேறொன்றும் இல்லை.

கொல்லையில் மரம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். கடையில் பெட்டியில் வரும் பிழிந்த ஆப்பிள் ஜூஸ் நாலு லிட்டர் வாங்குங்கள். சேர்மானத்தில் பொட்டாசியம் சார்பேட் இருந்தால் அதைத் தொடாதீர்கள், ஈஸ்ட் பெருகவே பெருகாது. வைட்டமின் சி மட்டும் இருந்தால் நல்லது. 400 கிராம் சீனி, என்சைம், சத்துத்தூள், டிக்காஷன், ஈஸ்ட், நேரே டெமிஜானுக்குள். வாளியும் துணிப்பையும் வேண்டாம். மாத்திரையும் வண்டலை விட்டு இறுத்து எடுக்கும்போது மட்டும் போதும். ருசி கொஞ்சம் மெலிசு, ஆனால் முதல் தடவை கை பழக இதுவே நல்லது.

பாட்டிலில் ஊற்றுவதை நான் மே மாதம் வைத்துக்கொள்கிறேன். ஒரு கேலனில் ஆறு பாட்டில் வரும் என்பார்கள், வண்டலும் நான் ருசி பார்த்ததும் போக எனக்கு ஐந்தரைதான் வரும். அந்த அரையை அன்றைக்கே தாத்தாவோடு முடித்துவிடுவோம். புது ஒயின் அப்போது கிழித்த தீக்குச்சி வாசனையோடு கூர்மையாக இருக்கும், கெட்டுவிட்டதோ என்று பயப்படாதீர்கள். கார்க் அடித்து இரண்டு நாள் நிமிர்த்தி வைத்து, பிறகு படுக்க வையுங்கள். கிறிஸ்துமஸ் வரை கை வைக்காதீர்கள். அதற்குள் புளிப்பு மழுங்கி, வெந்த ஆப்பிளும் தேனும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். நன்றாகக் குளிர வைத்துக் குடிக்க வேண்டும். பொரித்த மீனுக்கு இதை விட்டால் வேறில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு அம்மா இங்கே வந்திருந்தாள். பதினான்கு மாதம் ஆன பாட்டிலைத் திறந்து, நல்ல கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். தங்க நிறம், அடியில் ஒரு துளி கசடு இல்லை. ஒரு வாய் குடித்தாள். டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு மக்களே" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், சீனி டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் குடித்தாள். தாத்தா பார்த்துக்கொண்டே இருந்தார், வாயைத் திறக்கவில்லை.

இனிப்பு ஒயின் வேண்டுமென்றால் பாட்டிலுக்குள் வெறுமனே சீனி போட்டுவிடாதீர்கள், திரும்பவும் ஹெல்மெட் தேடும் நிலை வரும். ஒயின் முழுக்கத் தெளிந்து, எண் அசையாமல் நின்ற பிறகு, ஒரு கேலனுக்கு அரை டீஸ்பூன் பொட்டாசியம் சார்பேட்டும் ஒரு காம்ப்டன் மாத்திரையும் சேர்த்து ஒரு நாள் விட்டு, லிட்டருக்கு 30 கிராம் வரை சீனி கரையுங்கள். ஜாடியில் இன்னும் பத்துப் பதினைந்து நாள் வைத்துக் குமிழி வருகிறதா, எண் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பாட்டிலில் ஊற்றுங்கள். இந்த அக்டோபரில் இரண்டு கேலன் போட்டிருக்கிறேன். ஒன்றில் அம்மா பெயரை எழுதி ஒட்டியாகிவிட்டது, அதற்கு லிட்டருக்கு 60.